கிராமத்துக்குப் போன கல்லூரி

கல்லூரியில் படிக்கும் பேரன் பேத்திகள் உள்ள வீடுகளில் இப்போது ஒரு புதிய சொல் புழங்குகிறது. ‘கம்யூனிட்டி எங்கேஜ்மென்ட்’ என்கிறார்கள். அதற்கு இத்தனை மணி நேரம், இத்தனை கிரெடிட் என்று கணக்கு உண்டு. கிராமத்துக்குப் போக வேண்டும், கணக்கெடுக்க வேண்டும், புகைப்படத்துடன் அறிக்கை கொடுக்க வேண்டும். ஏதோ வெளிநாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுமை போலப் பிள்ளைகள் இதைப் பேசுகிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து மதுரை ரோட்டில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் இடத்தில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இது தொடங்கிவிட்டது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ஆனாலும் முழுக் கதையை ஒரு முறை வரிசையாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

வரலாறு கற்பித்தவன் என்பதால் எனக்கு எதையும் காலவரிசையில் அடுக்கினால்தான் திருப்தி. கல்லூரி மாணவன் ஊருக்குச் சேவை செய்யப் போன கதையை நான் நான்கு கட்டங்களாகப் பார்க்கிறேன். முதலில், சேவை செய்யப் போனவன் கல்லூரியை விட்டு வெளியேறினான். பிறகு, கல்லூரியே சேவைக்காகக் கட்டப்பட்டது. அதன்பின், கல்லூரிக்குப் பக்கத்தில் சேவைக்கு என்று தனி அமைப்பு வந்தது. இப்போது சேவை மதிப்பெண் பட்டியலுக்குள் போயிருக்கிறது. இந்த நான்கு கட்டங்களையும் நம் மாவட்டத்தை விட்டு அதிகம் நகராமலே சொல்லிவிட முடியும்.

படிப்பை விட்டவர்கள்

1930இல் உப்புச் சத்தியாகிரகம் நடந்த நாட்களில், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதன் காந்தியின் அழைப்பைக் கேட்டுப் படிப்பை விட்டார். வசதியான வீட்டுப் பிள்ளை. ஆசிரம வாழ்க்கைக்குப் போனார், சிறைக்குப் போனார், பின்னாளில் வினோபாவுடன் பூமிதான யாத்திரை நடந்தார். அந்தக் காலத்தில் நாட்டுக்கு உழைக்க வேண்டும் என்று நினைத்த மாணவன் முன்னால் இருந்த வழி அதுதான். கல்லூரி வெள்ளைக்காரன் ஏற்படுத்திய ஏணி, அதில் ஏறினால் குமாஸ்தா வேலை, இறங்கினால்தான் கிராமம் என்ற எண்ணம் பலமாக இருந்தது.

அவர் மணந்துகொண்ட கிருஷ்ணம்மாள் நம் பக்கத்துக்காரர். பட்டிவீரன்பட்டிக்கு அருகே அய்யன்கோட்டையில் 1926இல், நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். அவர் மதுரையில் தங்கிப் படித்துப் பட்டம் பெறத் துணை நின்றவர் டாக்டர் சௌந்திரம். இந்தப் பெயரைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் மையத்துக்கு வரப்போகிறவர் இவர்தான். 1950இல் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் திருமணம் செய்துகொண்டார்கள். கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பிறகு தஞ்சை மண்ணுக்குப் போய் நிலமற்றவர்களுக்காக உழைத்தார்கள். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2008இல் ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவர்களுக்குக் கிடைத்தது.

ஒருவர் கல்லூரியை விட்டுச் சேவைக்குப் போனார். மற்றவர் கல்லூரிப் படிப்பை முடித்துச் சேவைக்கு வந்தார். இருபது ஆண்டு இடைவெளியில் காலம் மாறியிருந்தது. சுதந்திரம் வந்துவிட்டது. இனி கல்லூரியை விட்டு ஓட வேண்டியதில்லை, கல்லூரியை மாற்றலாம் என்று சிலர் நினைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அம்பாத்துரைப் பக்கத்துப் பொட்டல்

டாக்டர் சௌந்திரம் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். 1904இல் பிறந்தவர். சிறுவயதில் திருமணம், இளம் வயதிலேயே விதவைக் கோலம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டுதான் உலகம். அவரோ டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936இல் டாக்டரானார். அங்கேதான் கேரளத்துக்காரரான ஜி. ராமச்சந்திரனைச் சந்தித்தார். ராமச்சந்திரன் தாகூரின் சாந்திநிகேதனில் படித்தவர், காந்தியின் சபர்மதி ஆசிரமத்திலும் இருந்தவர். வேறு சாதி, வேறு மாநிலம், மறுமணம் வேறு. எதிர்ப்புக்குக் கேட்க வேண்டுமா? 1940இல் சேவாகிராமத்தில் காந்தியின் ஆசியோடு திருமணம் நடந்தது.

1944இல் கஸ்தூரிபா காலமான பிறகு அவர் பெயரில் தேசிய அறக்கட்டளை ஒன்று ஏற்பட்டது. கிராமப் பெண்கள், குழந்தைகள் நலனுக்கான அந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் சௌந்திரத்தைப் பொறுப்பாக்கினார் காந்தி. 1946 பிப்ரவரியில் காந்தி மதுரைக்கும் பழனிக்கும் வந்தார். அவர் வந்த ரயில் அம்பாத்துரையில் நின்றது என்பதையும், அவரைப் பார்க்கச் சுற்றுப்பட்டு ஜனங்கள் திரண்டதையும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அடுத்த ஆண்டு, நாடு சுதந்திரம் அடைந்த சில வாரங்களில், 1947 அக்டோபர் 7ஆம் தேதி, அந்த அம்பாத்துரைக்கும் சின்னாளபட்டிக்கும் பக்கத்தில் காந்திகிராமம் தொடங்கியது. சிறு மருத்துவமனை, கிராம சேவிகைகளுக்குப் பயிற்சி, ஆதாரக் கல்விப் பள்ளி, கதர், கைத்தொழில் என்று ஒவ்வொன்றாக வந்தன. அந்தச் சிறு மருத்துவமனைதான் இன்று நம் வட்டாரத்தில் பிரசவத்துக்குப் பெயர்போன கஸ்தூரிபா மருத்துவமனை.

இதில் கவனிக்க வேண்டியது, கல்லூரி கடைசியில்தான் வந்தது என்பது. ஆஸ்பத்திரியும் பள்ளியும் தொழிற்கூடமும் ஊரில் வேர்விட்டு ஒன்பது வருடம் ஆன பிறகுதான், 1956இல் கிராமிய உயர்கல்வி நிலையம் பிறந்தது. சின்னாளபட்டி மக்கள் சுமார் 200 ஏக்கர் நிலம் கொடுத்தார்கள். நெசவாளர் ஊர் அது, பெரிய பணக்காரர்களின் ஊர் அல்ல. கல்லூரி கிராமத்தைத் தேடிப் போனது என்று நாம் சொல்கிறோம். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், நாங்கள்தான் இடம் கொடுத்துக் கூப்பிட்டோம் என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

ஓஹையோவிலிருந்து ஒரு யோசனை

கிராமத்தில் உயர்கல்வி என்ற யோசனை எங்கிருந்து வந்தது? காந்தியின் ஆதாரக் கல்வி ஒரு ஊற்று. 1937இல் வார்தா மாநாட்டில் உருவான திட்டம் அது. கையால் செய்யும் தொழில் வழியாகவே கல்வி என்பது அதன் சாரம். ஆனால் அது பள்ளிக் கல்வியைப் பற்றியது. கல்லூரிக்கு வழி சொன்னது 1948இல் அமைக்கப்பட்ட ராதாகிருஷ்ணன் குழு. ஜாகிர் ஹுசைன், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் போன்றவர்கள் உறுப்பினர்களாக இருந்த அந்தக் குழுவில் ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கரும் இருந்தார்.

இந்த மார்கன் சுவாரசியமான மனிதர். அடிப்படையில் அணை கட்டும் பொறியாளர். அமெரிக்காவின் புகழ்பெற்ற டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தின் முதல் தலைவர். அதற்கு முன்பே ஓஹையோ மாநிலத்தில் ஆன்டியோக் என்ற கல்லூரியின் தலைவராக இருந்து, மாணவர்கள் சில காலம் வகுப்பிலும் சில காலம் வெளியே வேலையிலும் மாறி மாறி இருக்கும் முறையைக் கொண்டுவந்தவர். டென்மார்க்கில் விவசாயிகளின் பிள்ளைகளுக்காக 19ஆம் நூற்றாண்டில் எழுந்த மக்கள் உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றியும் நன்கு அறிந்தவர். இந்தியாவில் பெரும்பாலானோர் கிராமத்தில் இருக்க, பல்கலைக்கழகங்கள் மட்டும் நகரத்தில் இருப்பானேன் என்று கேட்டு, கிராமியப் பல்கலைக்கழகம் என்ற திட்டத்தை அந்த அறிக்கைக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அதன் தொடர்ச்சியாக கே.எல். ஸ்ரீமாலி தலைமையில் ஒரு குழு வந்தது. 1956இல் தொடங்கிப் பத்துக்கும் மேற்பட்ட கிராமிய நிலையங்கள் நாடெங்கும் ஏற்பட்டன. டெல்லி ஜாமியா, தாகூரின் ஸ்ரீநிகேதன், உதய்பூர் வித்யா பவன் ஆகிய இடங்களோடு, தமிழ்நாட்டில் கோவைப் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயமும் நம் காந்திகிராமமும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. கிராமிய சேவை டிப்ளமோ என்று மூன்றாண்டுப் படிப்பு. பி.ஏ.வுக்குச் சமம் என்று அரசு சொன்னது. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு ‘பி.ஏ.’ என்ற இரண்டு எழுத்தில் இருந்த நம்பிக்கை இந்த நீளமான பெயரில் எளிதில் வரவில்லை. பெண் கொடுக்கிறவர்களுக்கும் அப்படித்தான். காலப்போக்கில் அந்த நிலையங்களில் பெரும்பாலானவை வழக்கமான கல்லூரிகளாக மாறிப்போயின. காந்திகிராமம் தன் பெயரையும் ஓரளவு தன் வழியையும் காப்பாற்றிக்கொண்டு 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ராமச்சந்திரனே முதல் துணைவேந்தர்.

ஊரில் போய்த் தங்குவது

காந்திகிராமத்தின் முறையில் இரண்டு அம்சங்கள் முக்கியமானவை. ஒன்று, கிராமத் தங்கல் திட்டம். மாணவர்கள் ஆசிரியர்களோடு ஒரு கிராமத்துக்குப் போய்ச் சில நாட்கள் அங்கேயே தங்குவார்கள். பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ படுக்கை. காலையில் தெருவைச் சுத்தம் செய்வது, பகலில் வீடு வீடாகப் போய் விவரம் சேகரிப்பது, மாலையில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசுவது. எந்தத் துறை மாணவரானாலும் இது படிப்பின் பகுதி. கணக்குப் படிக்கிறவனும் போக வேண்டும், தமிழ் படிக்கிறவளும் போக வேண்டும்.

மற்றொன்று சாந்தி சேனை. அமைதிப் படை என்ற எண்ணம் காந்தியுடையது. 1957இல் வினோபா அதற்கு உருவம் கொடுத்தார். காந்திகிராமத்தில் ராமச்சந்திரன் அதை மாணவர்களுக்கான அமைப்பாக வளர்த்தார். மற்றக் கல்லூரிகளில் தேசிய மாணவர் படை துப்பாக்கியோடு அணிவகுக்கும்போது, இங்கே மாணவர்கள் முதலுதவி, சுகாதாரம், கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, சண்டை நடக்கும் இடத்தில் இரு தரப்பையும் பேசி அமைதிப்படுத்துவது ஆகியவற்றில் பயிற்சி பெற்றார்கள். சாதிச் சண்டை என்றால் என்ன என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதன் நடுவே கையில் எதுவும் இல்லாமல் போய் நிற்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும் என்று நினைத்த கல்லூரி அது.

இதற்கும் வெளியுலகில் முன்னோடி உண்டு. 1884இல் லண்டனின் கிழக்குப் பகுதியில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்புக்கு நடுவே டாயின்பீ ஹால் என்ற இல்லத்தை ஏற்படுத்தினார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜில் படித்த இளைஞர்கள் அங்கே வந்து தங்கி ஏழைகளுக்கு அண்டை வீட்டாராக வாழ வேண்டும் என்பது நோக்கம். தூரத்திலிருந்து தர்மம் கொடுப்பதைவிடப் பக்கத்தில் குடியிருப்பது மேல் என்ற அதே எண்ணம்தான். சேவை வழிக் கற்றல் என்ற பெயர் அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது 1960களின் பிற்பகுதியில். அந்தப் பெயர் பிறப்பதற்கு முன்பே நம்மூர்ப் பிள்ளைகள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

1969: நாடு முழுவதற்கும்

மாணவர்களைத் தேசப் பணியில் ஈடுபடுத்துவது பற்றி டெல்லியில் நீண்ட காலம் பேச்சு நடந்தது. 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அடுத்து கே.ஜி. சையிதைன் பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்து, கட்டாயம் வேண்டாம், விருப்பமுள்ளவர்களைக் கொண்டு தொடங்கலாம் என்ற வகையில் கருத்துச் சொன்னார். 1964 முதல் 1966 வரை கோத்தாரி கல்விக் குழு இயங்கியது. 1962 முதல் 1967 வரை மத்தியக் கல்வித் துணை அமைச்சராக இருந்தவர் யார் தெரியுமா? திண்டுக்கல் தொகுதி எம்.பி.யாக நாம் அனுப்பிவைத்த டாக்டர் சௌந்திரம்தான். முன்பு ஆத்தூரிலும் வேடசந்தூரிலும் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். ஓட்டுக் கேட்டு அவர் நம் தெருக்களில் நடந்ததைப் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருக்கலாம்.

அந்த ஆண்டுகள் மாணவர் கொந்தளிப்பின் ஆண்டுகள். 1962 சீனப் போருக்குப் பின் தேசிய மாணவர் படைப் பயிற்சி கல்லூரிகளில் கட்டாயமானது. 1965 ஜனவரியில் மதுரையில் மூண்ட இந்தி எதிர்ப்புத் தீ தமிழ்நாடு முழுவதும் பரவியதை நாம் கண்ணால் பார்த்தோம். இளைஞர் சக்தியை என்ன செய்வது என்று டெல்லி யோசித்ததற்கு இதுபோன்ற நிகழ்ச்சிகளும் ஒரு பின்னணி. 1967இல் மாநிலக் கல்வி அமைச்சர்கள் கூடி, மாணவர்கள் தேசிய மாணவர் படையில் சேரலாம், அல்லது சேவைத் திட்டத்தில் சேரலாம் என்று மாற்று வழி சொன்னார்கள். கடைசியில் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். இன்று அது பல லட்சம் மாணவர்களைக் கொண்ட மாபெரும் அமைப்பு.

என்.எஸ்.எஸ். என்று நாம் செல்லமாகச் சொல்லும் அதன் விதிகள் உங்களில் பலருக்கு மனப்பாடம். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240. ஒரு தத்தெடுத்த கிராமம். அங்கே ஒரு சிறப்பு முகாம். அன்று பத்து நாள், இன்று ஏழு நாள். சட்டையில் கொனார்க் தேர்ச் சக்கரம் பொறித்த பேட்ஜ். ‘எனக்காக அல்ல, உனக்காக’ என்ற குறிக்கோள். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு முழக்கம் இருந்தது. 1973இல் பஞ்சத்தை எதிர்த்து இளைஞர்கள், அடுத்த ஆண்டு அழுக்கையும் நோயையும் எதிர்த்து இளைஞர்கள், பிறகு கிராமப் புனரமைப்பு, 1978இல் முதியோர் கல்வி. 90களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, இந்தப் பழக்கம் பெரிதும் கைகொடுத்தது. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை நாடே பேசியது. நம் ஊர்களிலும் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து ‘அ’ எழுதிய பாட்டிகள் உண்டு.

பதினோராம் நாள்

இங்கே என் சொந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். 80களில் சில ஆண்டுகள் நான் திட்ட அலுவலராக இருந்தேன். சிறுமலை அடிவாரத்தில் ஒரு சிற்றூரில் பத்து நாள் முகாம் நடத்தினோம். பையன்கள் ரோட்டுக்குச் சரளை கொட்டினார்கள், வாய்க்கால் தூர் எடுத்தார்கள், இரவில் நாடகம் போட்டார்கள். ஊர்க்காரர்களுக்கும் சந்தோஷம். எங்களுக்குக் கூழ் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஒன்பதாம் நாள் சாதாரணமாகக் கேட்டார்கள்.

“பத்து நாளைக்கு நீங்க இருக்கீக. நல்லாத்தான் இருக்கு. பதினோராம் நாளு யாரு சாமி வருவாக?”

அந்த அம்மா குறை சொல்லவில்லை. விவரம் கேட்டார்கள், அவ்வளவுதான். இந்த விஷயத்தில் நான் படித்த அறிக்கைகள் எதிலும் இதைவிடக் கூர்மையான கேள்வி இல்லை.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் காந்திகிராமத்தின் சிறப்பு எனக்கு விளங்குகிறது. அங்கே மாணவர் கிராமத் தங்கலை முடித்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பிவிடுவார். ஆனால் பதினோராம் நாள் காய்ச்சல் வந்தால் கஸ்தூரிபா மருத்துவமனை இருக்கும். குழந்தையைச் சேர்க்கப் பள்ளி இருக்கும். நூற்கவும் நெய்யவும் சங்கம் இருக்கும். 1959இல் ஆத்தூர் வட்டாரத்தில் சுகாதார, குடும்ப நல முன்னோடித் திட்டம் தொடங்கியபோது, அதன் ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் அதே கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். அதனால்தான் அங்கே பிறப்பு விகிதம் குறைந்தது என்பது உலகம் முழுவதும் பேசப்பட்ட பாடமானது. 1964இல் அதற்கென்றே தனி நிறுவனமும் ஏற்பட்டது. மாணவரின் பத்து நாள் வேலை நிலையான ஒரு ஏற்பாட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. கட்டிய வீட்டின் மேல் ஓடு வேய்வதற்கும், வெறும் நிலத்தில் ஓட்டை அடுக்கி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

மற்றக் கல்லூரிகளில் இந்த வீடு இல்லை. முகாம் மட்டும் இருந்தது. நாங்கள் கொட்டிய சரளையை அடுத்த ஐப்பசி மழை கொண்டுபோயிருக்கும். அதனால் முகாம்கள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். லாபம் யாருக்கு என்பதை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதிக லாபம் மாணவனுக்குத்தான். திண்டுக்கல் டவுனில் பூட்டுக்கடைத் தெருவிலும் மார்க்கெட் தெருவிலும் வளர்ந்த பையன், தண்ணீருக்காக ஒரு பெண் எத்தனை தூரம் நடக்கிறாள் என்பதை அங்கேதான் முதலில் பார்த்தான். காலனிக்குள் முதல் முறை கால் வைத்ததும், அங்கே ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்ததும் பலருக்கு முகாமில்தான். வீட்டில் சொல்லாமல் மறைத்தவர்களும் உண்டு. பின்னாளில் தாசில்தாராகவும் வங்கி மேலாளராகவும் ஆன மாணவர்கள் என்னைப் பார்க்கும்போது பாடத்தைப் பற்றிப் பேசுவதில்லை, முகாமைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கிராமம் அவர்களுக்குக் கற்பித்தது. கிராமத்துக்கு நாம் என்ன கொடுத்தோம் என்ற கணக்குதான் நேர் செய்யப்படவில்லை.

மதிப்பெண் காலம்

1977 வாக்கிலேயே பல்கலைக்கழக மானியக் குழு, கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றோடு விரிவாக்கப் பணியும் கல்லூரியின் மூன்றாவது கடமை என்று ஏற்றுக்கொண்டது. 2014இல் உன்னத் பாரத் அபியான் என்ற திட்டத்தில் உயர்கல்வி நிறுவனங்கள் கிராமங்களைத் தத்தெடுக்கச் சொன்னார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு சமூக ஈடுபாட்டுக்குத் தனிப் பாடமே வந்துவிட்டது. விரும்பியவர்கள் மட்டும் செய்ததை எல்லோரும் செய்ய வேண்டும் என்பது நல்லதுதான். ஆனால் எல்லோரும் செய்யும்போது அளக்க வேண்டியிருக்கிறது. அளக்க எளிதானது மணி நேரமும் புகைப்படமும்தான். வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் படங்களைப் பாருங்கள். பேனர் பிடித்தபடி முப்பது பேர், பக்கத்தில் நட்ட ஒரு வேப்பங்கன்று. அடுத்த கோடையில் அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று யாரும் படம் எடுப்பதில்லை.

அண்மைக் காலத்தில் இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் சொன்ன திட்டம் ஒன்று நம் மாநிலத்தில் நடந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் தங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அவர்கள் அதே ஊர்க்காரர்கள். முகாம் முடித்துப் பஸ் ஏற வேண்டியதில்லை. மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பார்த்தாக வேண்டும். இதைவிட நல்ல கண்காணிப்பு ஏது?

இதிலிருந்து நம் கல்லூரிகளுக்குச் சில யோசனைகள் தோன்றுகின்றன. ஆண்டுக்கொரு கிராமம் என்று மாற்றாமல், ஒரே கிராமத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து போகலாம். போன ஆண்டு மாணவர்கள் எழுதிய குறிப்பேடு இந்த ஆண்டு மாணவர் கைக்கு வர வேண்டும். எல்லோரும் மண்வெட்டிதான் பிடிக்க வேண்டும் என்பதில்லை, அவரவர் படிப்பை எடுத்துக்கொண்டு போகலாம். தோல் தொழிற்சாலைக் கழிவால் நம் திண்டுக்கல் சுற்றுப்புறத்தில் எத்தனை கிணறுகள் கெட்டன என்பது நமக்குத் தெரியும். வேதியியல் மாணவர்கள் அந்த ஊர்க் கிணறுகளின் தண்ணீரை ஒவ்வொரு ஆண்டும் அதே மாதத்தில் சோதித்து எழுதி வைத்தால், ஐந்தாண்டில் அது ஊர் கையில் ஓர் ஆவணமாகும். கலெக்டர் ஆபீசில் மனுவோடு இணைக்கலாம். வணிகவியல் மாணவர்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதக் கற்றுத் தரலாம். வரலாற்று மாணவர்கள் வயதானவர்களிடம் உட்கார்ந்து ஊர்க் கதையைப் பதிவு செய்யலாம். என்ன செய்ய வேண்டும் என்பதை ஊரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும், அது முதல் விதி.

கடைசியாக, நம்மைப் பற்றி. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், நர்சுகள், வி.ஏ.ஓ.க்கள், வங்கிக்காரர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் இருக்கிறோம்! மாணவர்களுக்குப் பத்து நாள்தான் கிடைக்கும். தேர்வு இருக்கிறது, வேலை தேட வேண்டியிருக்கிறது, அவர்கள்மேல் குறையில்லை. நாம் இங்கேயேதான் இருக்கிறோம். உங்கள் ஊரில், அல்லது உங்கள் சொந்தக் கிராமத்தில், அடுத்த முறை கல்லூரிப் பிள்ளைகள் முகாமுக்கு வரும்போது ஒரு நடை போய்ப் பாருங்கள். அவர்கள் தொடங்கும் வேலைகளில் ஒன்றை, ஒரே ஒன்றை, நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாலைப் படிப்பு வகுப்போ, நட்ட பத்து மரமோ, முதியோர் பென்ஷன் மனு எழுதுவதோ, ஏதாவது ஒன்று. முகாம் நடக்கும் தேதிகளைக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடம் கேட்டால் சொல்வார். பெரும்பாலும் தை, மாசியில் இருக்கும். வெயில் ஏறுவதற்கு முன் போய்வரலாம்.